தேநீர் உபயம் லொரைன்

வீட்டிலேயே கார் கட்டுவோர் சங்கத்தின் பத்திரிகை சனிக்கிழமை காலைத் தபாலில் வந்து விழுந்தது. அட்டையில் க்ளைவ் டிரான்டர் சிரித்துக்கொண்டிருந்தான். பச்சை ஓவரால், கையில் ஸ்பேனர், பின்னால் அந்தக் கார். ‘தனி ஒருவர், ஒற்றை கராஜ், நான்கு வருடம்’ என்று தலைப்பு. உள்ளே ஆறு பக்கம். ஐம்பதுகளில் லெ மான் பந்தயத்தில் ஓடிய காரின் அச்சு அசலான நகலை, பெட்டி பெட்டியாக வந்த பாகங்களிலிருந்து, நனீட்டன் ஊரில் தன் வீட்டு கராஜிலேயே கட்டி முடித்த மனிதரின் கதை. க்ளைவின் மனைவி லொரைன் நின்றபடியே ஆறு பக்கத்தையும் படித்தாள். ஆறாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘தேநீர் உபயம்: திருமதி லொரைன் டிரான்டர்.’

அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை படிக்கும்போது அடுப்பில் பேக்கன் கருகுகிற வாடை வந்தது. கருகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்தக் காரில் க்ளைவின் உடம்பு பட்ட இடம் எது என்று கேட்டால், ஓட்டுநர் இருக்கை என்று தாராளமாகச் சொல்லலாம். அதில் அவன் நிறைய உட்கார்ந்திருக்கிறான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே எஞ்சின் சத்தமும் எழுப்பியிருக்கிறான். மற்றபடி அடிச்சட்டமான சேசிஸில் முறுக்கிய முதல் போல்ட்டிலிருந்து, பிரேக் குழாய் வளைத்தது, கியர்பாக்ஸ் ஏற்றியது, ஒயர் இழுத்தது, கதவு பொருந்துவதற்காக ஃபைபர் உடம்பை மூன்று வாரம் தேய்த்துத் தேய்த்துக் கை மரத்துப்போனது வரை எல்லாம் லொரைன்.

லொரைன் கோவென்ட்ரியில் ஒரு கார் தொழிற்சாலையின் ஒயரிங் பிரிவில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவள். ஆளுயரப் பலகை, அதில் வரிசை வரிசையாக ஆணி. அந்த ஆணிகளுக்கு நடுவே ஒயர்களை ஓட்டி, பிரித்து, சேர்த்துக் கட்டி, ஒரு காருக்கு வேண்டிய மொத்த நரம்பையும் நாற்பது நிமிடத்தில் முடித்துக் கீழே இறக்குவாள். அந்தப் பிரிவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஒரு லட்சமாவது கார் வெளியே வந்த அன்று வாசலில் பதித்த பித்தளைத் தகட்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அப்போது அவளுக்கு வயது இருபத்தாறு. சிரித்துவிட்டுப் போய்விட்டாள். சிரித்திருக்கக் கூடாது என்று இப்போது தோன்றியது.

க்ளைவ் கம்பளம் விற்றவன். கம்பெனிக் காரில் மாதிரித் துண்டுகளைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியவன். பேச்சு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எந்த வருடம் எந்தப் பந்தயத்தில் யார் ஜெயித்தார், எந்த வளைவில் யார் கவிழ்ந்தார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஐம்பத்தெட்டு வயதில் கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பியது. மூன்று மாதம் குளியல் அங்கியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன், நாலாம் மாதம் கார் கிட் ஒன்றுக்கு எழுதிப் போட்டான். லாரியில் சேசிஸும், ஃபைபர் உடம்பும், பதினான்கு பெட்டிகளும் வந்து இறங்கின. எஞ்சினுக்காக ஒரு பழைய ஜாகுவாரையும் எங்கிருந்தோ இழுத்து வந்தான். முதல் வாரம் முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளை இடம் வலமாக மாற்றி மாட்டினான். இரண்டாம் வாரம் அதைக் கழற்றத் தெரியாமல் ரம்பம் தேடினான். மூன்றாம் வாரம் முதுகு பிடித்துக்கொண்டது. அதோடு சரி.

புல் வெட்டும் இயந்திரத்தை எடுக்க கராஜுக்குள் போன லொரைன், ஒரு பெட்டியில் ஒயர்கள் சிக்குப் பிடித்துக் கிடந்ததைப் பார்த்தாள். அவளால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா போக முடியவில்லை. சிக்கெடுக்கலாம் என்று உட்கார்ந்தவள், இருட்டின பிறகுதான் எழுந்தாள். தொழிற்சாலையை மூடிய பிறகு அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வரவே இல்லை.

அப்புறம் போட்டோ. சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பப்பில் கூடுவார்கள். கார் கட்டுகிற ஒவ்வொருவரும் அந்த மாதம் என்ன நடந்தது என்று போட்டோ வைக்க வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் க்ளைவ் சலவை செய்த ஓவராலை மாட்டிக்கொண்டு வந்து நிற்பான். லொரைன் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வருவாள். சூடு ஆறாத ஸ்பேனரை அவன் கையில் கொடுப்பாள். “கொஞ்சம் முகத்துல கரி பூசிவிடு,” என்பான். பூசிவிடுவாள். பிறகு கேமராவை எடுத்து, “சிரி,” என்பாள்.

அவனுடைய முகம் அந்த ஒரு நிமிடம் பிரகாசமாகும். குளியல் அங்கியோடு உட்கார்ந்திருந்த முகம் அது இல்லை. அதற்காகத்தான் எடுத்தாள். வேறு எதற்காகவும் இல்லை.

இப்போது அந்தப் பச்சை ஓவரால் அட்டையிலிருந்து அவளைப் பார்த்துச் சிரித்தது. க்ளைவ் மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

“ஓ, வந்துடுச்சா! காட்டு, காட்டு. படம் நல்லா விழுந்திருக்குல்ல?”

“கடைசி வரியைப் படி.”

படித்தான். “நல்லாத்தானே போட்டிருக்காங்க. பாரு கண்ணு, உன் பேரும் வந்திருக்கு.”

“டீ போட்டதுக்கு வந்திருக்கு! நான் என்னைக்கு உனக்கு டீ போட்டேன்? நாலு வருஷமா நான் அந்தச் சிமெண்டுத் தரையில மல்லாக்கக் கிடந்தேன். டீ போட்டுக் கொண்டு வந்தது நீ. அதுலயும் பாதி நாள் சர்க்கரை போட மறந்துட்டு.”

“டெஸ்மண்ட் எழுதினது அது. அவர் ஒரு தமாஷுக்கு—”

“டெஸ்மண்டுக்கு யார் சொன்னது, தனி ஒருவர்னு?”

க்ளைவ் மேஜையில் உட்கார்ந்து, தட்டில் இருந்த முட்டையை முள்கரண்டியால் குத்திப் பார்த்தான். டெஸ்மண்ட் சங்கத் தலைவர். மாதம் ஒரு முறை வருவார், கராஜ் கதவில் சாய்ந்துகொள்வார், ஒரு தட்டு பிஸ்கட்டைக் காலி செய்வார், “பிரமாதம் க்ளைவ், பிரமாதம்,” என்பார். லொரைன் வண்டிக்கு அடியில் கிடந்தால், “என்ன தங்கம், கீழே ஏதாவது தொலைச்சிட்டியா?” என்று கேட்பார். அப்போதும் லொரைன் சிரித்திருக்கிறாள். எத்தனை தடவை சிரித்துத் தொலைத்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது.

“சரி. பத்திரிகை போகட்டும்,” என்றாள். “சோதனைக்கு அனுப்பற பாரத்தை எடு. கட்டினவர் பேர்ங்கற இடத்துல என் பேரை எழுது. இப்பவே, என் கண்ணு முன்னாடி.”

வீட்டில் கட்டிய கார் ரோட்டுக்கு வர வேண்டுமானால், அரசாங்கச் சோதனை நிலையத்தில் ஒரு நாள் முழுக்க அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார்கள். காசு கொடுத்துப் பட்டறையில் கட்டிய காருக்கு ஒரு சட்டம், சொந்தக் கையால் கட்டிய காருக்குச் சில சலுகை. அந்தச் சலுகைக்காக, ‘இதை நானே என் கையால் கட்டினேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கட்டும்போது எடுத்த போட்டோக்களையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

“அது…” க்ளைவ் தொண்டையைச் செருமினான். “அது ஜனவரியிலேயே அனுப்பியாச்சு.”

“யார் பேர்ல?”

“உன் பேர்ல எப்படி அனுப்பறது சொல்லு. போட்டோ எல்லாம் என்னோடது. நீயே எடுத்தது.”

லொரைன் ஆல்பங்களை இறக்கினாள். மூன்று ஆல்பம், இருநூற்றுப் பதினான்கு படம். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். க்ளைவ் போல்ட் முறுக்குகிறான். க்ளைவ் எஞ்சினை இறக்குகிறான். க்ளைவ் புருவத்தைச் சுருக்கி ஒயர் பார்க்கிறான், தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. ஒரு படத்தில்கூட அவள் இல்லை, அவளுடைய விரல் நுனிகூட இல்லை. ரசீதுகளும் அவன் பேரில்தான். தன் குழியைத் தானே, வெளிச்சமெல்லாம் பார்த்து, இருநூற்றுப் பதினான்கு தடவை தோண்டியிருக்கிறாள். க்ளைவ் மேல் வந்த கோபத்தைவிட அவள் மேலேயே அவளுக்கு வந்த கோபம் பெரிதாக இருந்தது. கொஞ்ச நேரத்துக்குத்தான். பிறகு அதுவும் சேர்ந்து க்ளைவ் பக்கமே திரும்பியது.

ஒரு வாரம் அவள் கராஜுக்குள் போகவில்லை, அவனோடு பேசவும் இல்லை. இன்னும் ஏகப்பட்ட வேலை பாக்கி. சோதனையில் கை படுகிற எந்த விளிம்பும் கூர்மையாக இருக்கக் கூடாது. அதற்காக எல்லா விளிம்பிலும் ரப்பர் பட்டை ஒட்டுவார்கள், சோதனை முடிந்த மறுநாளே பிய்த்து எறிவார்கள். க்ளைவ் தானே ஒட்டப் போய், பட்டையைக் கையெல்லாம் ஒட்டிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“லொரைன், வண்டி தோத்துடும்.”

“தோக்கட்டும். உன் பேர்ல தானே தோக்கும்.”

“சரி, கேளு. பாரத்தை இனிமே மாத்த முடியாது. ஆனா சோதனை பண்றவர் வாயைத் திறந்து யார் கட்டினதுன்னு கேட்டா, உன் பேரைச் சொல்றேன். அத்தனை பேர் முன்னாடியும் சொல்றேன்.”

“கேட்டா?”

“கேட்டா. அம்மா கல்லறை மேல சத்தியம்.”

அவள் அவனுடைய கையைப் பார்த்தாள். ரப்பர் பட்டை மணிக்கட்டு வரைக்கும் ஒட்டியிருந்தது. கெரசினை எடுத்து வந்து துடைத்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. அட்டைப் படம் வேண்டாம், ஆறு பக்கம் வேண்டாம். விவரம் தெரிந்த ஒரு மனிதரிடம், ஒரே ஒரு தடவை, ‘இதை இவள் கட்டினாள்’ என்று அவன் வாயால் வர வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் காலை கராஜைத் திறந்தாள்.

சோதனைக்குக் குறித்திருந்த பதினான்காம் தேதி டெஸ்மண்ட் தன் ஜீப்பில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு ஏழு மணிக்கே வந்துவிட்டார். கழுத்தில் சங்கத்தின் டை. “நீ எதுக்கு தங்கம் அலையறே? அங்கே நாள் முழுக்க ஈ ஓட்டணும்,” என்றார். லொரைன் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

சோதனைக் கூடத்தின் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் பெஞ்சு, அந்தப் பக்கம் கார். வண்டியைக் கொண்டு வந்தவரும் கூட ஒரு ஆளும் மட்டும்தான் கோட்டைத் தாண்டலாம். லொரைன் வாயைத் திறப்பதற்குள் டெஸ்மண்ட் தாண்டிவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ராணியின் கணவர் மாதிரி நின்றார்.

சோதனை அதிகாரி ஓக்டன் ஒல்லியான மனிதர். பேச்சு குறைவு, பார்வை அதிகம். முழங்கால் போட்டுப் பார்த்தார், படுத்துப் பார்த்தார், சிறு கண்ணாடியை நீட்டி கை எட்டாத மூலையைப் பார்த்தார். முறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு இருப்பதைக் கவனித்து, “ம்,” என்றார். லொரைனுக்கு அந்த ‘ம்’ போதுமாக இருந்தது. பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். பதினொரு மணி வரைக்கும் ஒரு குறைகூட அவர் எழுதவில்லை.

பிறகு விளக்குகள். க்ளைவ் இருக்கையில் உட்கார்ந்தான், ஓக்டன் பின்னால் நின்றார்.

“இண்டிகேட்டர்… சரி. பிரேக் விளக்கு… சரி. பின்பக்கம் பனிமூட்ட விளக்கைப் போடுங்க சார்.”

க்ளைவ் சுவிட்சைத் தட்டினான். எரியவில்லை. மறுபடி தட்டினான். எரியவில்லை. லொரைன் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தாள். முன் விளக்கைப் போடு, முன் விளக்கைப் போடு என்று அவள் உதடு முணுமுணுத்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மன்னிக்கணும், மன்னிக்கணும்,” என்றான் க்ளைவ். காதெல்லாம் சிவந்துவிட்டது. “நேத்து எரிஞ்சுது. ஒயர் எங்கயோ விட்டுப்போச்சு போல. நான் அப்பவே நினைச்சேன், அந்த ஒயர் சரியில்லைன்னு. அஞ்சு நிமிஷம் கொடுத்தா—”

“அஞ்சு நிமிஷத்துல என்ன பண்ணுவீங்க சார்?”

“சரி பண்ணிடுவேன்.”

ஓக்டன் பேனாவை மூடினார். “அது சரியாத்தான் சார் இருக்கு. முன் விளக்கு எரிஞ்சாத்தான் அது எரியணும். சட்டமே அதுதான். முக்கால்வாசிப் பேர் இதை மறந்துட்டு வந்து தோத்துட்டுப் போவாங்க. இதுல ஒயர் போட்டவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கு.” பாரத்தை ஒரு தடவை பார்த்தார். “ஒயர் போட்டவர்தானே நீங்க?”

க்ளைவ் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சார், பாரத்துல உங்க கையெழுத்து இருக்கு. சரியா இருக்கிற வேலையைத் தப்புன்னு நீங்களே மன்னிப்புக் கேக்கறீங்க. நான் நேராவே கேக்கறேன். இந்த வண்டியைக் கட்டினது யாரு?”

கேட்டுவிட்டார். வாயைத் திறந்து, அதே வார்த்தைகளில் கேட்டுவிட்டார். லொரைன் எழுந்து மஞ்சள் கோட்டின் மேல் வந்து நின்றாள். இருபது அடி தூரம்கூட இல்லை. க்ளைவ் தலையைத் தூக்கினான். அவளைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பிறகு டெஸ்மண்டைப் பார்த்தான்.

“முக்கால்வாசி நான்தான்,” என்றான். “ஒயரிங் மட்டும்… டெஸ்மண்ட் கொஞ்சம் கை கொடுத்தார்.”

டெஸ்மண்ட் ஒரு கணம் திகைத்தார். ஒரே கணம்தான். பிறகு டையை நீவிவிட்டுக்கொண்டார். “ஆமா,” என்றார். “கொஞ்சம். ரெண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்துக்கிட்டோம்.”

பிஸ்கட் தின்றவன்! கதவில் சாய்ந்து நின்று பிஸ்கட் தின்றதைத் தவிர வேறு ஒன்றும் செய்யாதவன்! லொரைனுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. மஞ்சள் கோட்டைத் தாண்டி நடந்தாள்.

“மேடம், அந்தப் பக்கம்—” என்றார் ஓக்டன்.

“ஒயர் போட்டது நான்,” என்றாள். குரல் கூடம் முழுக்கக் கேட்டது. அடுத்த வரிசையில் லாரி சோதித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “எஞ்சின் ஏத்தினது நான். பிரேக் குழாய் வளைச்சது நான். அந்த மஞ்சள் பொட்டு வெச்சது நான். இவர் போட்டோவுக்கு நின்னார். அவர் பிஸ்கட் தின்னார்.”

“லொரைன், கண்ணு, இப்ப வேண்டாம்,” என்றான் க்ளைவ் கெஞ்சலாக.

“இன்னொரு தடவை கண்ணுன்னு கூப்பிட்டே, நடக்கறதே வேற.”

ஓக்டன் அவளைப் பார்த்தார், காரைப் பார்த்தார். “பனிமூட்ட விளக்குக்கு எங்கிருந்து கரண்ட் எடுத்தீங்க மேடம்?”

“முன் விளக்கோட ரிலேயிலிருந்து. பச்சையும் ஆரஞ்சுக் கோடும் போட்ட ஒயர். டேஷ்போர்டுக்குப் பின்னாடி இடது பக்கம், ஹீட்டர் குழாய்ல உரசாம இருக்கத் துணி சுத்தியிருக்கேன். ஃபியூஸ் மூணாவது. கழட்டிப் பார்க்கறீங்களா?”

அவர் கழற்றிப் பார்க்கவில்லை. அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. கோப்பைத் திறந்து அதிலிருந்த போட்டோக்களைப் புரட்டினார். க்ளைவ், க்ளைவ், க்ளைவ்.

“நீங்க இருக்கிற படம் ஒண்ணாவது இருக்கா?”

“இல்லை. எல்லாத்தையும் எடுத்தது நான்.”

“எனக்கு நீங்க சொல்றதுல சந்தேகமே இல்லை மேடம். ஆனா பத்து நிமிஷத்துல மூணு பேர் பேரைக் கேட்டுட்டேன். பாரத்துல ஒரு பேர், இவர் வாயில ரெண்டாவது, நீங்க மூணாவது. இதுல நான் கையெழுத்துப் போட முடியாது.” க்ளைவ் பக்கம் திரும்பினார். “நான் கேட்டப்போ, நானும் என் மனைவியும்னு சொல்லியிருந்தீங்கன்னா, ஒரு வரி சேர்த்து எழுதிட்டுப் பாஸ் பண்ணியிருப்பேன் சார். வீட்டுக்காரங்க கை கொடுக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லை. வண்டியில ஒரு குறை கிடையாது. இந்த வருஷம் நான் பார்த்ததுலயே சுத்தமான வேலை.”

க்ளைவிடம் பேச்சு தீர்ந்துபோய் லொரைன் பார்த்தது அன்றைக்குத்தான்.

“இனி என்ன செய்யணும்?” என்று கேட்டாள் அவள்.

“இந்த மனுவை ரத்து பண்ணிடறேன். உண்மையில கட்டினவங்க பேர்ல புதுசாப் போடுங்க. அவங்க கட்டற போட்டோவோட.”

“நான் கட்டற போட்டோ.”

“ஆமா மேடம். என்னை மன்னிக்கணும், காகிதத்துக்கு என் நம்பிக்கை போதாது.”

திரும்பி வருகையில் ஜீப் பாதி தூரம் கடந்தது. பிறகு க்ளைவ் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே, “பத்து நிமிஷம். பத்து நிமிஷம் உன்னால வாயை மூடிட்டு இருக்க முடியலை,” என்றான்.

“நாலு வருஷம் மூடிட்டு இருந்தேன்.”

“டெஸ்மண்ட் பேரைச் சொன்னா அந்த அதிகாரி விட்டுடுவார்னு நினைச்சேன்.”

“என் பேரைச் சொன்னாலும்தான் விட்டிருப்பார். அவரே சொன்னாரே. உனக்கு வண்டி போனாலும் பரவாயில்லை, பொண்டாட்டி கட்டினாள்னு மட்டும் வெளியே தெரியக் கூடாது.”

“நான் வேணும்னா ஒண்ணு சொல்றேன்,” என்று ஆரம்பித்தார் டெஸ்மண்ட். “உண்மையிலேயே ஒரு நாள் நான் பானெட்டைப் பிடிச்சுக்கிட்டேன்—”

“டெஸ்மண்ட், ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க.”

அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். க்ளைவின் தோள் குறுகியது. “உனக்குத் தெரியாது லொரைன்,” என்றான் கம்மிய குரலில். “வேலை போச்சு. அந்தப் பப்புக்குள்ள நுழையறப்போ அத்தனை பேரும் எழுந்து கை கொடுக்கறாங்க. அதுவும் போச்சுன்னா நான் யாரு?”

அவளுக்குப் பரிதாபமாகத்தான் இருந்தது. முப்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவன். அந்தப் பரிதாபம்தான் நான்கு வருடமாக அவளைக் கேமராவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தது. இன்னொரு தடவை அதற்கு இடம் கொடுக்க அவள் தயாராக இல்லை.

“நீ யாராவது இருக்கணும்னா, நான் யாரும் இல்லாம போகணுமா?” என்றாள்.

வீடு வந்தது. டெஸ்மண்ட் காரை இறக்கிவிட்டுத் தேநீர்கூடக் கேட்காமல் கிளம்பினார்.

லொரைன் காரை கராஜுக்குள் தள்ளினாள். க்ளைவ் தானாக வந்து ஒரு கை கொடுத்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. உடை மாற்றிக்கொண்டு வந்தாள். பெயிண்ட் டப்பாவின் மேல் தன் போனை நிறுத்தி, நேரம் வைத்துத் தானாகப் படம் எடுக்கிற மாதிரி செய்தாள். பானெட்டைத் திறந்தாள். கீல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினாள். போன் க்ளிக்கென்றது. போல்ட்டைக் கழற்றினாள்.

க்ளைவ் பேக்கன் ரொட்டியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றான். இரண்டாவது போல்ட் கழன்று தகர டப்பாவில் விழுந்த பிறகுதான் அவனுக்கு விளங்கியது.

“என்ன பண்றே?”

“பிரிக்கறேன்.”

“எதை?”

“எல்லாத்தையும். சேசிஸ் வரைக்கும். அப்புறம் திரும்பக் கட்டப் போறேன். காகிதத்துக்குப் போட்டோ வேணுமாம்.”

“உனக்குப் பைத்தியமா! ஓடற வண்டி! ஒரு குறை இல்லைன்னு அந்த ஆளே சொன்னான்!” அவன் குரல் உடைந்தது. “நாலு வருஷம், லொரைன்! இதைக் கட்ட நாலு வருஷம் ஆச்சு!”

அவள் நிமிர்ந்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள்.

“உன்னைக் கொண்டு வந்து நிறுத்தி, கரி பூசி, சிரிக்க வெச்சு, இருநூத்திப் பதினாலு தடவை வேலையை நிறுத்தினேன் க்ளைவ். அதனால நாலு வருஷம் ஆச்சு. நான் மட்டும்னா பத்து மாசம்.”

பிறகு அவள் குனிந்து மூன்றாவது போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.